பட்டை போடுமுன் முழங்காலைக் கேளுங்கள்

(மலேசியாவின் மலாக்கா மாநிலத்து அலோர் காஜாவில் விளையாட்டுக் குழுப் பொறுப்பாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பூலாவ் செபாங், டுரியான் துங்கல், மாச்சாப், ரெம்பியா, மஸ்ஜித் தானா என்று இந்த வட்டாரத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். விளையாட்டுக்கான முழங்கால் பட்டைகளைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இயன்முறை மருத்துவம் என் தொழில். அதனால் கோயில் திருவிழாவை ஒட்டிய காற்பந்துப் போட்டியானாலும் சரி, பள்ளித் திடலில் நடக்கும் கபடியானாலும் சரி, யாராவது ஒரு தம்பி என்னை ஓரமாக அழைத்துப் போய்க் கேட்பது வழக்கம். "அண்ணே, முட்டி வலிக்குது. எந்த நீ-கார்டு வாங்குனா நல்லது?"

நான் திருப்பிக் கேட்பேன். "எந்த இடத்துல வலிக்குது தம்பி? எப்போ ஆரம்பிச்சது? விழுந்தியா, திரும்பும்போது ஆச்சா, சும்மா ஓடும்போது வந்துச்சா?" பலருக்கு இதற்குப் பதில் இருக்காது. உள்ளங்கையை முட்டி முழுக்க வைத்து, "இங்கதான்" என்பார்கள். ஆனால் வாங்க வேண்டிய பட்டையின் பெயரும் விலையும் கைபேசியில் தயாராக இருக்கும். முழங்காலில் என்ன நடந்திருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். பட்டையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறிப்போவதால் நம் பிள்ளைகள் காலை இழந்து நிற்பதைப் பார்த்து வருகிறேன். அந்த வருத்தத்தோடுதான் பேசுகிறேன்.

முழங்காலைக் கதவுக் கீல் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். கீல் ஒரே திசையில்தான் ஆடும். முழங்கால் மடங்குவதோடு சற்றுத் திரும்பவும் செய்யும். தொடை எலும்பும் அதன் கீழே இருக்கும் முன்னங்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் நான்கு முக்கியத் தசைநார்கள் இருக்கின்றன. உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, மூட்டுக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு. உள்ளே இருக்கும் இரண்டில் முன்பக்கத்துத் தசைநாரைத்தான் ஏ.சி.எல். என்கிறோம். கீழெலும்பு முன்னே நழுவாமலும் அளவுக்கு மீறித் திரும்பாமலும் பிடித்துக்கொள்வது அதுதான். எலும்புகளுக்கு இடையே பிறை வடிவத்தில் இரண்டு குருத்தெலும்பு வட்டுகள் இருக்கின்றன. முன்னால் முட்டிச்சில்லும், அதைக் கீழே கட்டியிருக்கும் தடித்த தசைநாணும் இருக்கின்றன. ஆட்டக்காரனின் திறமையெல்லாம் முழங்காலின் அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. ஆபத்தும் அங்கேயே இருக்கிறது.

ஏ.சி.எல். கிழிவது பெரும்பாலும் எதிரணிக்காரன் மோதியதால் அல்ல. நூறு பேரில் ஏறக்குறைய எழுபது பேருக்கு யாரும் தொடாமலேயே நடக்கிறது. ஓடி வந்து சட்டென்று திசை மாற்றும்போதும், தலையால் முட்டிவிட்டு ஒற்றைக்காலில் இறங்கும்போதும் அது கிழியும். கபடியில் இன்னொரு வகை உண்டு. பாடிப் போனவன் நடுக்கோட்டை நோக்கித் திரும்பும்போது கணுக்காலைப் பிடித்துவிடுகிறார்கள். பாதம் நிலத்தில் நிற்கிறது, உடம்பு திரும்புகிறது, நடுவில் இருக்கும் முழங்கால் அந்தத் திருகலை வாங்கிக்கொள்கிறது. உள்ளே "டப்" என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வார்கள். ஓரிரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பந்தாக வீங்கிவிடும். அவ்வளவு விரைவாக வீங்குகிறதென்றால் மூட்டுக்குள் இரத்தம் கசிகிறது என்று பொருள். மறுநாள் காலையில் மெதுவாக வரும் வீக்கத்தையும் இதையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் என்னை மிகவும் வருத்துவது. இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும். பையன் நடப்பான், மோட்டார் சைக்கிள் ஓட்டுவான், ஆறிவிட்டது என்று நினைப்பான். அடுத்த ஆட்டத்தில் திரும்பும்போது முட்டி "விட்டுப் போகும்". அப்போதுதான் பட்டை வாங்குவான். பட்டை போட்டதும் ஒரு தைரியம் வரும், மறுபடி இறங்குவான். ஒவ்வொரு முறை விட்டுப்போகும்போதும் உள்ளே இருக்கும் குருத்தெலும்பு வட்டு நசுங்குகிறது, கிழிகிறது. அறுவை சிகிச்சை செய்து தசைநாரைப் புதிதாக அமைக்கலாம். தேய்ந்துபோன குருத்தெலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அவ்வளவு எளிதல்ல. இருபத்திரண்டு வயதில் பட்டையை நம்பி ஆடியவர் நாற்பது வயதில் மாடிப்படி ஏறத் திணறுகிறார்.

செய்தித்தாளில் "முழங்கால் காயம்" என்று ஒரே சொல்லாகப் போட்டுவிடுகிறார்கள். அதற்குள் எவ்வளவு வேறுபாடு என்பதற்கு நாம் எல்லோரும் அறிந்த இரண்டு பூப்பந்து ஆட்டக்காரர்கள் சாட்சி. 2017 பிப்ரவரியில் நம் லீ சோங் வெய் பயிற்சியின்போது தரைவிரிப்பில் வழுக்கினார். அடிபட்டது இடது முழங்காலின் உட்பக்கத் தசைநார். மறுமாதமே இங்கிலாந்துக்குப் போய் அகில இங்கிலாந்துப் பட்டத்தை நான்காவது முறையாக வென்றார். உட்பக்கத் தசைநாருக்கு இரத்த ஓட்டம் நன்றாக உண்டு. பெரிதாகக் கிழியாத வரையில் அறுவை சிகிச்சை இல்லாமலே ஆறும். பக்கவாட்டில் கீல் வைத்த பட்டை அது ஆறுவதற்கு உண்மையிலேயே துணை செய்யும். இனி ஸ்பெயினின் கரோலினா மரினைப் பாருங்கள். 2019இல் வலது முழங்காலின் ஏ.சி.எல்., 2021இல் தோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சற்று முன் இடது முழங்கால், 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கின் அரையிறுதியில் முன்னிலையில் இருந்தபோது மறுபடியும் வலது. பாரிசில் கீழே விழுந்தவர் எழுந்து, முழங்காலுக்குப் பட்டை போட்டுக்கொண்டு திரும்பவும் இறங்கினார். இரண்டே புள்ளிகள். அதற்குமேல் நிற்க முடியவில்லை, அழுதுகொண்டே வெளியேறினார். உலகின் மிகச் சிறந்த மருத்துவக் குழு பக்கத்தில் நின்றும், ஏ.சி.எல். போன முழங்காலை ஒரு பட்டையால் ஆட வைக்க முடியவில்லை. இணையத்தில் நாற்பது ரிங்கிட்டுக்கு வாங்கும் பட்டையிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது?

ஆகவே, முட்டி திருகி உடனே வீங்கினால், அல்லது முழுதாக நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், முதலில் மருத்துவரிடம் போங்கள். எலும்பு முறிந்திருக்குமோ என்று பார்க்கக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1990களில் சில விதிகளை வகுத்தார்கள். அவற்றைத் திடலிலேயே சோதித்துப் பார்க்கலாம். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? 90 பாகை மடக்க முடியவில்லையா? முட்டிச்சில்லை மட்டும் தொட்டால் வலிக்கிறதா? முட்டிக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் துருத்தும் எலும்பைத் தொட்டால் வலிக்கிறதா? அடிபட்டவருக்கு வயது 55 அல்லது அதற்கு மேலா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

சின்சே என்ற சீன வைத்தியரிடமும், உருட் என்ற மலாய் உடம்புப்பிடி செய்கிறவரிடமும் போவது நம் தோட்டப்புறத்தில் வழிவழியாக வரும் பழக்கம். தசைப்பிடிப்புக்கும் முதுகு இறுக்கத்துக்கும் போங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புதிதாக வீங்கிய முழங்காலை அழுத்தித் தேய்க்கவோ இழுத்து முறுக்கவோ யாரையும் விடாதீர்கள். உள்ளே கசியும் இரத்தம் அதிகமாகும், முறிந்த எலும்பு விலகும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு மருத்துவமனை நிபுணரைப் பார்க்கலாம். காத்திருக்க வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். காத்திருக்கும் காலத்தில் ஆடாமல் இருங்கள்.

"டாக்டர்கிட்ட போனா ஆடாதேன்னு சொல்லிடுவாரு" என்ற பயம் நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு டாக்டர் எம். ஜெகதீசன் நினைவிருக்கும். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4 பேர் கொண்ட 100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என்று மூன்று தங்கம் வென்றவர் அவர். மருத்துவம் படித்தவர். பின்னாளில் காமன்வெல்த் விளையாட்டுகளின் மருத்துவப் பணியிலும் பொறுப்பு வகித்தார். மருத்துவமும் மைதானமும் ஒருவரிடமே சேர்ந்திருந்த தமிழர் அவர். உங்களை நீண்ட நாள் ஆட வைக்க நினைப்பவர்தான் இன்றைக்கு ஆடாதே என்று சொல்வார். இதே அலோர் காஜாவில் பிறந்த சோ சின் ஆன் 1969 முதல் 1984 வரை தேசியக் காற்பந்துக் குழுவில் தற்காப்பு ஆட்டக்காரராக நின்றார். அவ்வளவு காலம் நிற்க வேண்டுமென்றால் கால்கள் இரண்டும் கடைசி வரை வேண்டும்.

சரி, முழங்காலில் என்ன என்று தெரிந்துகொண்டுவிட்டோம். இனிப் பட்டைக்கு வருவோம்.

கடையில் அதிகமாகத் தொங்குவது நீயோப்ரீன் உறை. அதன் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். மலாயாவில் வணிக அளவில் முதன்முதலாக ரப்பர் பயிரிட்டது மலாக்காவில்தான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவர் அதைத் தொடங்கினார். அதன்பிறகு நம் முன்னோர் இந்த மண்ணுக்கு வந்து பால்மரம் வெட்டி, உலகத்தின் சக்கரங்களுக்கு ரப்பர் கொடுத்தார்கள். 1922இல் பிரிட்டிஷ்காரர்கள் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்தினார்கள். மலாயா ரப்பரை நம்பியிருந்த அமெரிக்கர்களுக்கு அது பொறுக்கவில்லை, செயற்கை ரப்பரைத் தேடினார்கள். 1930இல் டுபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது நீயோப்ரீன். நம் தோட்டங்களுக்குப் போட்டியாக வந்த பொருள்தான் இன்று நம் பிள்ளைகளின் முழங்காலைச் சுற்றியிருக்கிறது.

அது என்ன செய்கிறது? மூட்டைச் சூடாக வைக்கிறது. லேசாக அழுத்தி வீக்கத்தைக் கட்டுப்படுத்த உதவுகிறது. தோலின்மேல் இருக்கும் அந்த அழுத்தத்தால், கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு மூளைக்குச் சற்றுத் தெளிவாகப் போகிறது. வலி குறைந்ததுபோல் பலர் உணர்வதற்கு இதுவும் ஒரு காரணம். இவையெல்லாம் உண்மையான பயன்கள்தாம். ஆனால் துணிபோல் வளையும் ஓர் உறையால் எலும்பு நழுவுவதையோ திருகுவதையோ தடுக்க முடியாது. ஏ.சி.எல். கிழியாமல் காக்கும் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

நம் வெப்பத்துக்கு நீயோப்ரீன் அவ்வளவு ஒத்துப்போவதில்லை. காற்று புகாது, வியர்வை உள்ளேயே நிற்கும். அதைத் தயாரிக்கும்போது சேர்க்கும் இரசாயனங்களால் சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும். கையுறை ரப்பர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நீயோப்ரீன் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், அதில் மரப்பாலின் புரதம் இல்லை. ஆனால் இந்த இரசாயன அரிப்பு வேறு வகை. அது வந்தால் பின்னல் துணியில் செய்த உறைக்கு மாறுங்கள். ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். சோப்புத் தண்ணீரில் துவைத்து நிழலில் காய வையுங்கள். வெயிலிலும் உலர்த்தும் இயந்திரத்திலும் போட்டால் ரப்பர் கெட்டு நெகிழ்ச்சி போய்விடும். இன்னொன்று, ஒரே உறையைக் குழுவில் மூன்று பேர் மாற்றி மாற்றிப் போடுவதைப் பார்க்கிறேன். படர்தாமரையும் சேர்ந்தே கைமாறும்.

முட்டிச்சில்லுக்கு நேரே ஓட்டை வைத்த உறை வேறொரு வேலைக்கு. ஓட்டையைச் சுற்றித் தடித்த வளையம் இருக்கும். முட்டிச்சில்லு பக்கவாட்டில் விலகிப்போகும் பழக்கம் உள்ளவர்களுக்கும், படி இறங்கும்போது முட்டியின் முன்பக்கம் வலிப்பவர்களுக்கும் அது சில காலம் உதவும். அந்த முன்பக்க வலிக்கு உண்மையான மருந்து தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் வலுப்படுத்துவதுதான். உறை போட்டால் வலி குறைந்து அந்தப் பயிற்சியைச் செய்ய முடிகிறதென்றால் போட்டுக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு அது நல்லதே.

முட்டிச்சில்லுக்குக் கீழே மட்டும் கட்டும் மெல்லிய வார் ஒன்று உண்டு. சேபாக் தக்ராவும் கைப்பந்தும் ஆடிக் குதித்துக் குதித்து அந்த இடத்துத் தசைநாண் வலிப்பவர்களுக்கு அது. தசைநாணில் விழும் இழுவையின் இடத்தைச் சற்று மாற்றுகிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 10 முதல் 15 வயதுக்குள் வேகமாக வளரும் பிள்ளைகளுக்கு, முட்டிக்குக் கீழே எலும்பில் ஒரு புடைப்பு வந்து தொட்டாலே வலிக்கும். வளரும் எலும்பின் முனையைத் தசைநாண் இழுத்து இழுத்து வருவது அது. பெரும்பாலும் வளர்ச்சி நின்றதும் அடங்கிவிடும். அந்தப் பிள்ளையை "சோம்பேறி, நடிக்கிறான்" என்று சொல்லாதீர்கள். சில வாரம் குதிப்பையும் வேக ஓட்டத்தையும் குறைத்துக் கொடுங்கள். வார் கட்டினால் இதமாக இருக்கும்.

முழங்காலை மெத்தையாக மூடும் தடுப்பு இருக்கிறதே, அது தரையில் மோதும் அடிக்கும் சிராய்ப்புக்கும். காற்பந்துக் கோல்காவலருக்கும், சிமெண்டுத் தரையில் விழுந்து எழும் கபடிக்காரருக்கும் நல்லது. உள்ளே இருக்கும் தசைநாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனிக் கீல் வைத்த கடினப் பட்டை. இது நம்மிடம் அமெரிக்கக் காற்பந்திலிருந்து வந்தது. நியூயார்க்கின் லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையில் டாக்டர் ஜேம்ஸ் நிக்கலஸ், ஜோ நாமத் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பழுதான முழங்கால்களுக்காகச் செய்வித்த பட்டை பெயர் பெற்றது. அதன்பிறகு, காயம் வருமுன்னே எல்லோருக்கும் பட்டை கட்டிவிட்டால் என்ன என்று அங்கே கேட்டார்கள். வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் அமெரிக்கக் காற்பந்து ஆடிய 1,396 மாணவர்களை வைத்துச் சோதித்து 1990இல் முடிவை வெளியிட்டார்கள். பட்டை கட்டியவர்களுக்கு முழங்கால் காயங்கள் எண்ணிக்கையில் குறைந்தன. அதிலும் தற்காப்பில் ஆடியவர்களுக்கே அந்தப் பயன் தெரிந்தது. வந்த காயங்களின் கடுமையோ குறையவில்லை. கவனியுங்கள், அது பக்கவாட்டில் வந்து ஆள்மேல் ஆள் விழும் ஆட்டம். பக்கத்திலிருந்து வரும் அந்த இடியைத்தான் பட்டை தாங்கியது. நம் காற்பந்தில் முழங்கால் கெடுவது பெரும்பாலும் யாரும் தொடாத திருப்பத்தில். அந்த ஆய்வை இங்கே கொண்டுவந்து, நல்ல முழங்காலுக்கு இரும்புக் கீல் கட்டச் சொல்ல முடியாது. போட்டி விதியும் ஒன்று உண்டு. காற்பந்துச் சட்டத்தின் நான்காவது விதி, மிருதுவான, எடை குறைந்த, மெத்தை வைத்த பாதுகாப்புச் சாதனங்களை அனுமதிக்கிறது. மற்றவரைக் காயப்படுத்தக் கூடியதைத் தடுக்கிறது. கீல் வைத்த பட்டை போட்டு ஆடப் போகிறவர் ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடினப் பட்டை யாருக்குத் தேவை? உட்பக்கத் தசைநார் ஆறிக்கொண்டிருப்பவருக்கும், மருத்துவர் எழுதிக் கொடுத்தவருக்கும். ஏ.சி.எல். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலருக்கு மருத்துவர் தருவார், சிலருக்குத் தரமாட்டார். எல்லோருக்கும் கட்டாயம் கட்ட வேண்டும் என்பதற்கு ஆய்வுகளில் வலுவான ஆதாரம் இல்லை. அவர்களுக்குப் பட்டையைவிடப் பெரிய பாதுகாப்பு காலம்தான். நார்வேயிலும் அமெரிக்காவிலும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது. அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, திடலுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் 51 விழுக்காடு குறைந்தது. ஆறாவது மாதத்தில், "பட்டை போட்டுட்டேன்ல, ஒண்ணும் ஆகாது" என்று இறங்கும் தம்பியிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஒன்பது மாதம் ஆனாலும், ஒற்றைக்காலில் தாவும் தூரமும் தொடைத் தசையின் வலுவும் நல்ல காலில் இருப்பதில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும்.

வெட்டரன் ஆட்டக்காரர்கள் சிலரையும் முன்வரிசையில் பார்க்கிறேன். தேய்மானம் உள்ள முழங்காலில் ஒரு பக்கத்துச் சுமையை மறுபக்கத்துக்கு மாற்றும் பட்டை இருக்கிறது. மருத்துவரைக் கேட்டு வாங்கலாம். ஆனால் உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து கண்டிருக்கிறார்கள். ஐயா, எந்தப் பட்டையும் உங்களுக்கு அவ்வளவு செய்யாது.

வாங்குவதென்று முடிவானால் அளவில்தான் முழுக் கவனமும் வேண்டும். என்னிடம் வந்த புகார்களில் பாதிக்கு மேல் பட்டை நழுவிக் கீழே இறங்குகிறது என்பதுதான். எஸ், எம், எல் என்று மனக்கணக்கில் ஷோப்பி இணையக் கடையில் சொல்லிவிடுகிறோம். சட்டை அளவு வேறு, தொடை அளவு வேறு. தையல் நாடாவை எடுத்து, நின்றபடி முழங்காலைச் சற்று மடக்கி, பெரும்பாலும் முட்டிச்சில்லின் நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே தொடையையும், 15 சென்டிமீட்டர் கீழே கெண்டைக்காலையும் அளக்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த இடம் மாறும், அதனால் அவர்கள் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து அளங்கள். வீங்கியிருக்கும்போது அளக்காதீர்கள். கடையில் வாங்கினால் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுந்து, பத்து முறை குந்தி, கொஞ்சம் ஓடிப் பாருங்கள்.

கடினப் பட்டையின் கீல் முழங்கால் மடங்கும் இடத்துக்கு நேரே வர வேண்டும். முட்டிச்சில்லின் மேல்பாதிக்கு நேராக, பக்கத்திலிருந்து பார்த்தால் காலின் நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால். கீல் இறங்கிவிட்டால், கால் ஓரிடத்திலும் பட்டை வேறிடத்திலும் மடங்கும். அப்படிப்பட்ட பட்டை இல்லாமல் இருப்பதே மேல். வார்களுக்கு எண் போட்டிருப்பார்கள், அந்த வரிசையிலேயே கட்டுங்கள். வாருக்கும் தோலுக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பாதம் மரத்துப்போனாலும், நிறம் மாறினாலும், கெண்டைக்கால் வீங்கினாலும் உடனே தளர்த்துங்கள். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கத்தில் ஒரு நரம்பு எலும்பை ஒட்டி மேலாகவே ஓடுகிறது. அங்கே வார் இறுகினால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகும். இறுக்கிக் கட்டினால் பலம் அதிகம் என்று நினைத்துக் கட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தூங்கும்போது, மருத்துவர் சொன்னாலொழிய, உறையும் வேண்டாம் பட்டையும் வேண்டாம்.

கடைசியாக, குழு நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். காசு கொடுத்து வாங்க முடியாத ஒரு பாதுகாப்பு இருக்கிறது. உலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் மருத்துவ ஆய்வு மையம் 2006இல் பதினொன்று பிளஸ் என்ற பெயரில் ஒரு சூடேற்றும் பயிற்சித் தொகுப்பைக் கொண்டுவந்தது. மெதுவோட்டம், ஒற்றைக்கால் சமநிலை, குந்தல், தாவி இறங்குதல், தொடைப் பின்தசைக்கான பயிற்சி, திசை மாற்றும் ஓட்டம் எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம். கருவி எதுவும் வேண்டாம், ஒரு பந்தும் சில கூம்புகளும் போதும். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகள் 1,892 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2008இல் வந்த முடிவில், பயிற்சியைச் செய்த குழுக்களில் மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியும் குறைவாக இருந்தன.

பெண் பிள்ளைகளிடம் சோதித்ததற்குக் காரணம் உண்டு. ஒரே வகை ஆட்டத்தில் ஏ.சி.எல். கிழியும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். வலைப்பந்தில் குதித்துப் பந்தைப் பிடித்து ஒற்றைக்காலில் சட்டென்று நிற்க வேண்டும். நம் தங்கைகளுக்கு எப்படித் தாவி இறங்குவது என்று யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? இரண்டு காலிலும், முழங்கால் மடங்கி, முட்டி உட்பக்கம் சாயாமல் இறங்கப் பழக்குங்கள். ஆட்டம் ஏழு மணிக்கு என்றால் ஆறரைக்கே வரச் சொல்லுங்கள். நம் திடல்களில் நான் பார்ப்பது என்னவென்றால், மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, கோலைப் பார்த்து நாலு உதை உதைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிடுகிறோம்.

சப்பாத்தையும் பாருங்கள். காய்ந்து கெட்டியான திடலிலும் செயற்கைப் புல்லிலும் நீண்ட முள் வைத்த பூட் போட்டால், பாதம் நிலத்தை அளவுக்கு மீறிப் பற்றிக்கொள்ளும். உடம்பு திரும்பினாலும் பாதம் திரும்பாது. மழைக்கு ஒன்று, கெட்டித் தரைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள வசதியில்லை என்றால், குட்டை முள் உள்ளதையே வாங்குங்கள். பட்டைக்கு வைத்திருந்த காசு பலருக்கு அங்கே போவதே நல்லது.

குழுவின் முதலுதவிப் பையில் ஒரு நீ-கார்டு வைக்கலாமா என்று ஒரு பொறுப்பாளர் கேட்டார். வேண்டாம். அடிபட்டவனுக்கு அதை மாட்டித் திரும்ப இறக்கிவிடத்தான் அது பயன்படும். அதற்குப் பதிலாக நீளமான எலாஸ்டிக் கட்டுத்துணி இரண்டு, ஐஸ் வைக்கும் பெட்டி, ஒரு ஜோடி ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி ஒரு தடவைக்கு இருபது நிமிடத்துக்குமேல் வைக்காதீர்கள். யாரை அழைத்தால் உடனே காரில் கிளினிக்குக்குக் கொண்டுபோவார்கள் என்று அந்தக் கைபேசி எண்ணையும் பையின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பட்டையையும் உறையையும் வீட்டிலிருந்து கொண்டுவந்தவர்கள் தேநீருக்குப் பிறகு இந்த மேசைக்கு வாருங்கள். அளவு நாடா இருக்கிறது. முதலில் முட்டியைப் பார்ப்போம்.